வாட்டம் மாறிய வாசல்

தையல்காரம்மா வீட்டு வாசலில் இருக்கும் சிமெண்ட் தளத்தை வேறு யாரும் குறை சொல்லக் கூடாது. அந்த உரிமை அவளுக்கு மட்டும்தான். போட்ட நாளிலிருந்து வாய் வலிக்கத் திட்டியவள் அவள்.

போட்டது அவள் புருஷன், லாரி டிரைவர். கல்யாணமான புதிதில் லீவில் வந்தவர், கொத்தனார் எதற்கு என்று தானே கிளீனரோடு சிமெண்ட் கலக்க இறங்கிவிட்டார். மட்டம் வைத்துப் பாருங்கள் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு மேடு பள்ளம் தெரியாதா என்றார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், அவ்வளவுதான் அளவு. முதல் மழையிலேயே குட்டு உடைந்தது. தெருவுக்கு ஓடவேண்டிய தண்ணீர் சமர்த்தாகத் திரும்பி உள்ளே வந்து, தையல் மெஷினின் காலைக் கழுவியது.

"எல்லாரும் நம்ம வீட்டுக்குள்ள வரட்டும்னுதான் அப்படிப் போட்டேன்" என்றார். மனிதர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை.

அதன்பிறகு மழை என்றால் அந்த வீட்டில் இரண்டு பேர் வேலை. ஒருவர் நிலைப்படியில் சாக்கை அமுக்கிப் பிடிக்கவேண்டும், மற்றவர் துடைப்பத்தால் தண்ணீரைத் தெருவுக்குத் தள்ளவேண்டும். அவர் லோடு ஏற்றிப் போயிருந்தால் மகள் பிடிப்பாள். ஆனால் அவர் இருக்கிற மழைதான் மழை. வீட்டுக்கு வந்தால் பாதி நேரம் தூங்கியே தீர்க்கிற மனுஷன், தண்ணீர் தள்ளும்போதுதான் போன ஊர்க்கதையெல்லாம் சொல்வார். அவளும் திட்டிக்கொண்டே கேட்பாள். மழை சீக்கிரம் விட்டால் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

அவர் போய்ச் சேர்ந்தபின் வந்த மழையில், ஒரு காலால் சாக்கை மிதித்துக்கொண்டு தனியாகத் தள்ளிப் பார்த்தாள். வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியது. ரொம்ப நாள் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை.

விஷயம் தெரிந்ததும் வெளியூரில் இருந்த மகள் கொத்தனாரை அனுப்பிவைத்தாள். அவர் ஒரு வாளித் தண்ணீரைத் தளத்தில் ஊற்றிவிட்டு, அது உள்ளே போகிற அழகைப் பார்த்தார்.

"யாரும்மா போட்டது? தண்ணி ஓடுற வாட்டம் தலைகீழா இருக்கே."

தையல்காரம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. தளத்து வெடிப்பை அடைத்து பெயிண்ட் அடித்தால் போதும், வாட்டத்தில் கைவைக்க வேண்டாம் என்று வெடுக்கென்று சொன்னாள்.

"பெயிண்ட் அடிச்சா பாக்க நல்லாருக்கும். நீங்க வழுக்கி விழறது நிக்காது" என்றார் அவர்.

மகளும் போனில் ஒரே பிடியாக நின்றாள்: ஒன்று தளத்தைச் சரிசெய், இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்துவிடு. வீட்டை விட்டுப்போக அவளுக்கு மனமில்லை. அவர் போட்ட தளத்தை மாற்றவும் மனமில்லை. இன்னும் முழுதாக மடங்காத மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, சரி, கொத்திக்கோ என்றாள்.

கொத்துகிற சத்தம் காதில் விழாமலிருக்க, துண்டுத் துணியில் நாள் முழுக்க வெறும் தையலாக ஓட்டினாள். கொத்தனார் பழைய மேல்பூச்சைக் கொத்தி, கழுவி, சிமெண்டைப் பாலாகக் கரைத்து ஊற்றி, நிலைப்படிப் பக்கம் உயர்த்திப் புதுப்பூச்சு பூசினார். பூச்சு சட்டென்று காய்ந்து வெடிக்காமலிருக்க ஈரச்சாக்கு போர்த்தவேண்டும் என்று கேட்டார். வீட்டிலிருந்த சாக்கையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள், நிலைப்படிச் சாக்கைத் தவிர.

பூச்சு ஆறி, அதன்மேல் அடித்த பெயிண்டும் காய்ந்து சில நாளில் நல்ல மழை பிடித்தது. கை தன்பாட்டில் சாக்கை நிலைப்படியில் போட்டது. துடைப்பத்தோடு நின்றாள். தண்ணீர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகத் தெருவுக்கு ஓடியது. திட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

மகளிடமிருந்து போன் வந்தது. "தண்ணி உள்ள வந்துச்சாம்மா?"

அவள் காய்ந்துகிடந்த சாக்கைப் பார்த்தாள்.

"இல்லடி," என்றாள். "யாரும் உள்ள வரல."