நீட்டிய கட்டைவிரல்

பொம்பளைக்குக் கிடையாது என்றிருந்த சலவைக்கடை இஸ்திரி மேசையைத் தங்கை போராடிப் பிடித்தாள். திக்குவாயோடு பிறந்தவள், பாட்டில் திக்காமல் பேர் வாங்கினாள். நாற்பது வயதில் எழுதவும் கற்றுக்கொண்டாள். ஆனாலும் சம்பளத்துக்குக் கைநாட்டுதான்; பேனாவைக் கண்டால் அவ்வளவு பயம்.

அந்தக் கோடையில் அக்காவும் கடைத் தோழிகள் இருவரும் அவளைப் பெருநகரத்து இசைவிழாவுக்கு ரயிலில் கூட்டிப்போனார்கள். அங்கே யார் வேண்டுமானாலும் பாட ஒரு சின்ன மேடை இருந்தது. பாடியே தீருவேன் என்று தங்கை வரிசையில் நின்றாள். பதிவு மேசைப் பெண் கையெழுத்து கேட்டதும், பழக்கதோஷத்தில் கட்டைவிரலை நீட்டினாள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"சூப்பர்ங்க! ஆனா கையெழுத்து போட்டாதான் மேடைக்கு விடுவாங்க."

தோழிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தங்கைக்கு முகம் சுண்டிவிட்டது.

"வேணாம்க்கா, போயிடலாம்."

"ஒரு வருஷமா எழுதிப் பழகினியே, எதுக்குடி? போடு!"

"த... தப்பாயிட்டா?"

"உன் கையெழுத்துல தப்புச் சொல்ல எவ வருவா?"

தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு, துணிச் சுருக்கத்தை நீவுவதுபோல் மெல்ல எழுதி முடித்தாள். சற்று நேரத்தில் மேடையேறிக் கணீரென்று பாடினாள்.

அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள்: 2014 ஜூன் 14, சனிக்கிழமை.