மச்சான் பிடித்த கயிறு

சங்கு குளிக்கிறவருக்குக் கயிறு பிடிப்பது, நனையாமலே மூச்சுத் திணறுகிற வேலை. யுத்த காலத்தில் தூத்துக்குடிக் கரையில் நான் பார்த்தது அந்த வேலைதான். பிரசவ வலியோடு மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நின்றவர்களே, மகனைக் கொழும்புத் தோணியில் ஏற்றிவிட்டு வானத்தைப் பார்த்தவர்களே, நீங்களும் என் தொழில்காரர்கள்தான்.

எங்கள் வழக்கப்படி, குளிக்கிறவரின் கயிற்றை அவர் பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தங்கச்சி தாலியை அவன் கைவிட மாட்டான் என்று நம்பிக்கை. என் தங்கை மரியாளைச் சந்தியாகுவுக்குக் கட்டிக்கொடுத்ததும் கயிறு என் கைக்கு வந்துவிட்டது. எனக்கோ பிறவியிலேயே பயந்த சுபாவம்.

முதல் நாள்

ஆளைச் சீக்கிரம் அடிக்கு இறக்குகிற கல்லோடு மாப்பிள்ளை கீழே போய்விட்டார். அவர் இடுப்பில் கட்டிய கயிறு என் இடது கையில், ஜெபமாலை வலது கையில். கூடவே இருப்பேன் என்று ஆண்டவர் கொடுத்த வாக்கை அவருக்கே ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தேன். மறந்திருப்பாரோ என்று பயம். அந்த மும்முரத்தில், மேலே இழுக்கச் சொல்லி மாப்பிள்ளை கயிற்றைச் சுண்டியது எனக்குத் தெரியவில்லை. அவரே நீந்தி மேலே வந்து, இருமித் துப்பிவிட்டு, என் கைகளைப் பார்த்தார்.

"மாதாகிட்ட நான் காலையிலயே பேசிட்டேன் மச்சான். ஒன் ரெண்டு கையும் எனக்கு வேணும்."

சுறா கட்டுகிறவர்

குளிப்புக்கு முன்னால் சுறாவின் வாயைக் கட்ட ஒருவர் வருவார். கரையில் நின்று கடலைப் பார்த்து முணுமுணுப்பார். பூசை காண்கிறவர்கள் இதை நம்பலாமா என்று சுவாமியார் பிரசங்கத்தில் கேட்பார். நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம். மறுநாள் அந்த மனுஷன் வராமல் படகைத் தள்ளவும் மாட்டோம். ஆண்டவர் வாக்கும் வேண்டும், அதற்குக் காவலாக ஒரு மந்திரமும் வேண்டும். எங்கள் விசுவாசம் அப்படி. ஒரு நாள் நான் தனியே போய், இன்னும் கொஞ்சம் பலமாகக் கட்டச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் சுறா வாயத்தான் கட்டுவேன். ஒம் பயத்தைக் கட்டணும்னா நீ கோயிலுக்குத்தான் போகணும்."

விமானம்

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டியிருந்த சமயம். சந்தியாகு மட்டும் தண்ணீருக்குள் இருந்தார். தலைக்கு மேல் ஒரு விமானம் இரைந்துகொண்டு வந்தது. படகில் அத்தனை பேரும் குப்புறப் படுத்தார்கள். நான் படுத்தால் கயிறு தளரும், சுண்டுவது தெரியாது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். வேட்டியை நனைத்தது கடல் தண்ணீர்தானா என்று கேட்காதீர்கள். விமானம் தன் பாட்டுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை சங்கோடு மேலே வந்து படகுக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னலே, நான் கீழ பாடுபடுதேன், நீங்க எல்லாம் தூங்குதியளோ?"

சிக்கிய கயிறு

அன்றைக்குத் தண்ணீர் ஒரே கலங்கல். கயிறு சுண்டியது. இழுத்தேன், வரவில்லை. பாறையில் சிக்கிவிட்டது. மரியாள் அப்போது நிறைமாதம். "தளர விடுலே, சிக்கு தானா விடும்" என்று படகே கத்தியது. "கூடவே இருப்பேன்னு சொன்னீரே, இப்ப எங்க இருக்கீர்?" என்று ஆண்டவரிடம் வாய்விட்டே கேட்டேன். கயிறு விறைத்தபடி நின்றது. தங்கை முகத்தில் எப்படி விழிப்பேன் என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது. அப்படியொரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

திடீரென்று கயிறு இளகியது. கொஞ்ச நேரத்தில் தலை தெரிந்தது. எல்லாரும் சேர்ந்து தூக்கிப் போட்டோம். கலங்கலில் அவருக்குத் திசையே தெரியவில்லையாம். விறைத்து நின்ற கயிற்றைத் தடவித் தடவிப் பாறைக்குப் போய், சிக்கை எடுத்துவிட்டு, அதைப் பிடித்தே மேலே வந்திருக்கிறார். நான் தளர விட்டிருந்தால் கயிறு எந்தப் பக்கம் போகிறது என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயந்துதான் போனேன் மச்சான். பெறவு நெனச்சேன், இந்தப் பயந்தாங்கொள்ளியே கயித்த விடல, ஆண்டவரா விடப்போறாரு?"

அன்றைக்குக் கயிற்றை விடாமல் பிடித்தது என் விசுவாசமல்ல, பயத்தில் மடங்கி விறைத்துப்போன என் விரல்கள்தான் என்பதை மாப்பிள்ளையிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. ஆண்டவருக்குத் தெரியும், அவரும் சொல்லவில்லை.