பேனரில் தப்பில்லை

என் மாமா பொய் சொல்கிறார். பதினான்கு வருஷமாக ஒரே பொய். கல்யாண வீடு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று போகிற இடமெல்லாம் அதைச் சொல்லித்தான் சிரிக்க வைக்கிறார். "பாப்பாவுக்குப் பொறந்தநாளுன்னு பேனர் அடிச்சேன். எழுத்து சின்னதாப் பூடுச்சு. ஊரே தப்பா நெனச்சிக்கிச்சு" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் ரொம்ப நாள் சிரித்தேன். இனி சிரிக்கப்போவதில்லை. அந்தப் பாப்பா நான்தான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நெட்டப்பாக்கம் பக்கம். அப்பாவுக்கு நெல், கரும்பு. பிறந்தநாள் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. என்னோடு ஆறாம் வகுப்பு படித்த பெண்கள் ஒருத்தி விடாமல் வீட்டில் கேக் வெட்டினார்கள். நான் எல்லா வீட்டிலும் போய்த் தின்றுவிட்டு வந்தேன். என் முறை வந்தது. அப்பாவிடம் கேட்டேன்.

"பொறந்தநாளு கொண்டாட நீ இன்னா மந்திரியா?" என்றார். வீட்டுக்குள் கேக் வந்தால் கேக்கும் நானும் ஒன்றாக வெளியே போவோம் என்றும் சொன்னார்.

எங்கள் வீட்டில் தடை செய்யப்பட்ட இன்னொன்று மாமா. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. வில்லியனூரில் ஒரு பேனர் கடையில் டிசைன் போடும் வேலை. அப்பாவின் புது மொபெட்டைக் கழுவித் தருகிறேன் என்று பாகூர் ஏரிக்கு ஓட்டிப் போனவர், கரைச் சரிவில் நிறுத்திவிட்டு யாருடனோ போன் பேசிக்கொண்டிருந்தார். வண்டி தன்பாட்டுக்கு ஏரிக்குள் இறங்கிவிட்டது. அன்றைக்கு அப்பா சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். அந்த ஆள் இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது, மிதித்தால் அவனோடு அவன் அக்காளும் கிளம்பிவிட வேண்டியதுதான் என்று. அப்பா சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை.

ஒன்றரை வருஷம் அப்படியே ஓடியது. அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வில்லியனூர் கோயிலுக்குப் பஸ் ஏறுவார். கண் சிவந்து திரும்பி வருவார். அம்மாவுக்குப் பக்தி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாட்களில்தான் என் சிவப்புச் சட்டை ஒன்று கொடியிலிருந்து காணாமல் போய், ஒரு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மடித்தபடி அலமாரியில் கிடந்தது. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் பிறந்தநாள் அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கே திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் கிளம்பினார்கள். என்னைப் பார்த்துக்கொள்ளும்படி அடுத்த தெருவில் இருந்த அத்தையிடம், அதாவது அப்பாவின் அக்காவிடம், சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தை வந்து எட்டிப் பார்த்தார், இட்லி வைத்தார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அத்தை தலை மறைந்ததும் மாமா வந்தார். இதை நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம். பள்ளிக்கூட வாசலில் நின்று அவர் சொன்னது இதுதான்: "பத்துப் பசங்க. ஒரு கேக்கு. நாலு மணிக்குள்ள எல்லாத்தையும் தொடச்சி வச்சிட்டுக் கௌம்பிடுவேன். உங்கப்பாருக்கு வாசனகூடத் தெரியாது."

வாசனை தெரியக் கூடாது என்றவர் குட்டியானை லோடு வண்டியில் வந்தார். அதிலிருந்து ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு இறங்கின. கேக் இறங்கியது. தோளில் ஒரு சிவப்புத் துணிப்பை. அதை யாரையும் தொடவிடாமல் முருங்கைக் கிளையில் மாட்டினார். கடைசியாகப் பேனர் இறங்கியது.

பத்தடி அகலம். பள்ளிக்கூட அடையாள அட்டையில் இருந்த என் முகத்தை வெட்டி, யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டுப்புடவை உடம்பில் ஒட்டியிருந்தார். இரண்டு பக்கமும் மயில். கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட மாமா, என்னைவிட இரண்டு மடங்கு பெரிதாக. 'அன்புடன் தாய்மாமன்' என்ற எழுத்தைப் போகிற பஸ்ஸிலிருந்தே படிக்கலாம். பிறந்தநாள் என்பது மயிலின் வாலுக்குள் எறும்பு ஊர்வது மாதிரி ஓரமாக இருந்தது. அதைத் தெருமுனைக் கம்பத்தில் கட்டினார்.

"மாமா, அப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னீங்க?"

"சாயங்காலம் கழட்டிடுவேன் பாப்பா. பேனர் இல்லாம இன்னா விசேஷம்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கேக்கை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார். உள்ளே வாங்க மாமா என்றேன். "இருக்கட்டும், இங்க நல்லா காத்து வருது" என்றார். கேக் வெட்டும்வரை வெளியே தலை காட்டாதே, சஸ்பென்ஸ் போய்விடும் என்று சொல்லி என்னை உள்ளறையில் உட்கார வைத்தார். அதையும் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் பேனர் கட்டி, ஸ்பீக்கர் வைத்து, ஒரு பெண்ணின் முகத்தைப் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் பெரியவளாகிவிட்டாள், மஞ்சள் நீராட்டு நடக்கிறது. பிறந்தநாளுக்கு யாரும் தாய்மாமனைத் தேடுவதில்லை. அதோடு பெண்ணும் வெளியே வரவில்லை. ஊர் முடிவு கட்டிவிட்டது.

முதலில் வந்தது எதிர்வீட்டு அக்கா. ஒரு டம்ளரில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, மேலே நல்லெண்ணெய் விட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"கண்ண மூடிக்கினு ஒரே மொடக்கா குடிச்சிடு. ஒடம்புக்கு நல்லது."

"எதுக்குக்கா? இன்னிக்கு எனக்கு பர்த்டே."

"ஆமாமா, பர்த்டேதான்" என்று பின்னால் வந்தவரிடம் திரும்பினார். "பாத்தியா, இன்னாமா வெக்கப்படுது."

குடிக்க வைத்துவிட்டுத்தான் விட்டார். அதற்குப் பிறகு நான் எத்தனை முறை பர்த்டே என்று சொன்னேனோ அத்தனை முறையும் வெட்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அழைப்பு இல்லையே என்ற கோபத்தோடுதான் எல்லாரும் வந்தார்கள். கோபம் இருந்தாலும் கையில் தட்டு இருந்தது. வாழைப்பழம், வெற்றிலை, வளையல், லட்டு. என் வகுப்புப் பெண்கள் பென்சில் டப்பாவோடு வந்து சேர்ந்தபோது அவர்களுக்கு உட்கார இடமில்லை. ஸ்பீக்கருக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பதினொரு மணிக்கு இரண்டு பேர் எங்கள் வாசலில் வாழைமரம் கட்டினார்கள். யார் கட்டச் சொன்னது என்று தெரியாது. குடிசை கட்ட என்று ஒருவர் பச்சை ஓலை கொண்டுவந்து போட, அதை ஓர் ஆடு தின்றது. ஆட்டை விரட்டினவர் ஸ்பீக்கர் ஒயரில் தடுக்கி லட்டுத் தட்டின்மேல் விழுந்தார். கொல்லையில் எங்கள் வீட்டு அண்டாவிலேயே கேசரி கிண்டினார்கள். பன்னிரண்டு மணிக்கு எங்கள் பேனருக்குப் பக்கத்தில் இன்னொரு பேனர் முளைத்தது. அடுத்த தேர்தலில் நிற்க ஆசைப்பட்ட ஒருவர், கைகூப்பியபடி என்னை வாழ்த்திக்கொண்டிருந்தார். அவரே பின்னால் வந்து சால்வையோடு அப்பாவைத் தேடினார்.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். "மாமா, நீங்களாச்சும் சொல்லுங்களேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "சொல்றேன் பாப்பா. கொஞ்சம் கூட்டம் கொறையட்டும்."

கூட்டம் கூடிக்கொண்டேதான் போனது.

அப்போது அத்தை வந்தார். தெருமுனையிலிருந்தே குரல் கேட்டது. "என் தம்பி மொவளுக்குத் தண்ணி ஊத்தறாங்க. அத்தக்காரி நானு பேனரப் பாத்துத் தெரிஞ்சிக்கணுமா?" போனை எடுத்து அங்கேயே அப்பாவைக் கூப்பிட்டார். ஸ்பீக்கர் பாட்டை நிறுத்திவிட்டு ஊரே காது கொடுத்தது. போனில் நாதஸ்வரம் கேட்டது. பிறகு அப்பா குரல்: "இன்னாக்கா சொல்ற?" போன் நின்றுவிட்டது.

அத்தை மாமா பக்கம் திரும்பினார். "தாய்மாமன் சீரு எங்கப்பா? வெறுங்கைய ஆட்டிக்கினு வந்துட்டியா?"

மாமா முருங்கைக் கிளையிலிருந்து சிவப்புப் பையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே அரக்குப் பட்டுப் பாவாடை, பச்சைத் தாவணி, தைத்த ரவிக்கை, வாழை இலையில் சுற்றிய மாலை.

"பரவால்லடி, வண்டிய ஏரியில வுட்டாலும் முறைய வுடல" என்றார் ஒரு பெண்மணி. எல்லாரும் சிரித்தார்கள். நான் தாவணியின் ஜரிகையைத்தான் பார்த்தேன். வேறெதுவும் தோன்றவில்லை.

மூன்று மணிக்கு வாடகைக் கார் வந்து நின்றது. அம்மா இறங்கி நேரே உள்ளறைக்கு ஓடி வந்தார். நெஜமா என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. மாமா கொண்டுவந்த ரவிக்கையை என் தோளில் வைத்துப் பார்த்தார். "தோளு சரியாத்தான் இருக்கு" என்றார்.

"அம்மா, இது வெறும் பர்த்டேம்மா. கேக்கு வெட்டத்தான்."

"தெரியும். இன்னிக்கு ஒரு நாளு வாயத் தொறக்காத."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நானும் அழ ஆரம்பித்தேன். அவர் அழவில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

வெளியே அப்பா வாசலில் நின்றார். தோளில் அந்த அரசியல்வாதியின் சால்வை. எதிரே ஊர். வாசப்படிக்கு அந்தப் பக்கம் வெயிலில் மாலையும் கையுமாக மாமா. பாட்டு நின்றுவிட்டது. அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு வலித்தது.

அத்தை சொன்னார்: "தாய்மாமன் மால போடாம எப்படிடா தண்ணி ஊத்தறது? கூப்புடு."

அப்பா பேனரைப் பார்த்தார். வாழைமரத்தைப் பார்த்தார். சாமி படம் இருந்த பக்கம் ஒரு முறை பார்த்தார். கேசரி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "வா மச்சான். வெயில்ல நிக்காத."

மாமா புதுப்பெண் மாதிரி வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். அம்மாவின் பிடி தளர்ந்தது.

அத்தை எனக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். என் கேக்கும் வரிசைத் தட்டுகளோடு தட்டாக ஊர்வலம் போனது. வெயிலில் என் பெயர் உருகி ஒழுகியது. கத்தி தேடுவதற்குள் என் வகுப்புப் பெண்கள் கையால் பிய்த்துத் தின்றுவிட்டார்கள். எழுத்தில்லாத ஒரு மூலை எனக்குக் கிடைத்தது.

இரண்டு நாள் கழித்து அம்மா அப்பாவிடம் அது வெறும் பிறந்தநாள்தான் என்ற உண்மையைச் சொன்னார். அப்பா சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு, "கேக்கு நல்லாத்தான் இருந்துது" என்றார். அதற்குப் பிறகு மாமா வாரத்தில் நாலு நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அம்மா வெள்ளிக்கிழமை வில்லியனூர் போவதை நிறுத்திவிட்டார். அம்மாவுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று கவலைப்பட்டேன்.

நட்டம் எனக்குத்தான். இரண்டு வருஷம் கழித்து நெஜமாகவே அந்த நாள் வந்தபோது, "அதான் ஊரக் கூட்டிச் செஞ்சாச்சே" என்று அப்பா முடித்துவிட்டார். பட்டும் இல்லை, தட்டும் இல்லை. எதிர்வீட்டு அக்கா மட்டும் மறக்காமல் டம்ளரோடு வந்தார். ஒரே விசேஷத்துக்கு இரண்டு தடவை பச்சை முட்டை குடித்தவள் இந்தக் கொம்யூன் பஞ்சாயத்தில் நான் ஒருத்திதான்.

வருகிற தையில் எனக்குக் கல்யாணம். போன வாரம் பீரோவை ஒழித்தபோது அந்தப் பச்சைத் தாவணி கிடைத்தது. உள்ளே ரவிக்கை. விரித்துப் பார்த்தேன். பதினொரு வயசுப் பெண்ணின் ரவிக்கை, பிடிப்புப் பிடித்து, கொக்கி வைத்து, தோள் அளவு பிசகாமல் தைத்தது. பத்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கேக் வெட்ட வந்தவர் மாலையும் தாவணியும் எதற்குக் கொண்டுவந்தார்? எங்கள் பக்கத்துத் தையல்காரர்கள் அளவுச் சட்டை இல்லாமல் துணியைக் கையால்கூடத் தொடமாட்டார்கள். கொடியிலிருந்து போய் வந்த சிவப்புச் சட்டை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு இன்னாடி தெரியும், உங்க மாமனக் கேளு" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கேட்கிறேன். மாமா, பேனரில் தப்பில்லை. எழுத்து எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டுமோ அவ்வளவு சின்னதாகத்தான் அடித்தீர்கள். என் பிறந்தநாளை எடுத்து உங்களுக்கு வாசல் திறந்துகொண்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இன்னும் நன்றாகவே நடித்திருப்பேன்.

என் கல்யாண மேடையில் உங்கள் கையில் மைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அப்பா முன்வரிசையில் இருப்பார், அம்மா என் பக்கத்தில் நிற்பார். எழுத்து சின்னதாகப் போன கதை வேண்டாம். ஊர் முன்னால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: என் சிவப்புச் சட்டையை உங்கள் கையில் கொடுத்தது யார்?