விட்டில் தூங்கும் இடம்

வேண்டுமென்றே மண்ணைக் கொத்தி மாமியார் வயிற்றில் அடித்தாள் என்று இன்னும் எத்தனை நாள்தான் சொல்வார்கள்? செனோலோ கெட்டவள் இல்லை. தெரியாதவள், அவ்வளவுதான்.

அவள் பிறந்தது மேற்கே, மணல்காட்டில். அங்கே இந்த ஊரைப்போல மொப்பானி மரமும் கிடையாது, அதன் இலையைத் தின்னும் புழுவும் கிடையாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு விரல் அகல வெள்ளை வண்ணத்துப்பூச்சி. அதன் புழு செடிக்குச்சியில் கூடு கட்டித் தொங்கும், அங்கிருந்தே பறந்துவிடும்.

குளிர்காலத்தில் மருமகளாக வந்தவளிடம் மாமியார் வாஷா சொன்னாள்: "முத்தத்து மரத்துல கொஞ்சம் புழுவப் பறிக்காம விட்டேன்டி. இப்போ தூங்குதுங்க. மழை விழுந்தா உள்ளங்கை அகல விட்டிலா எழுந்து வந்து முட்டை வைக்கும். அதுல பொரியற புழுவ அவிச்சுக் காய வச்சுதான் வருசம் பூரா நம்ம கூழுக்குத் தொட்டுக்கறோம். பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டாள். வேலியோரத்துச் செடியில் ஒரு குச்சியைக்கூட ஒடிக்கவில்லை. ஆனால் முற்றத்தைப் புல் பூண்டு இல்லாமல் வைப்பது மருமகளின் மானம் ஆயிற்றே! மரத்தடிவரை மண்வெட்டியால் செதுக்கிப் பெருக்கினாள். கறுப்பாக எவையோ உருண்டன. கோழிகள் ஓடிவந்து கொத்தித் தின்றன. பெரிய விட்டிலின் பிள்ளைகள் மண்ணுக்குள் தூங்கும் என்று அவளுக்கு யார் சொன்னது?

வாஷா எழுந்து வந்து பார்த்தாள். "அடி என் கண்ணே, முத்தத்துல கூழ ஊத்தியே குடிக்கலாம் போலிருக்கே!" என்று பக்கத்து வீட்டுப் பக்கானியின் காதில் விழும்படி மெச்சினாள். கொத்திய மரத்தடி கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை.

மழை வந்தது. ஊர் மரங்களிலெல்லாம் புழு. அந்த முற்றத்து மரத்தில் வெறும் இலை.

"என்ன வாஷாக்கா, உன் மருமக கை பட்டா மரமே பயந்துடுமோ?" என்று வேலியில் சாய்ந்து சிரித்தாள் பக்கானி.

அன்று அடுப்பங்கரையில் செனோலோ கேட்டாள்: "நான்தான் கொத்துனேன் அத்தை. எங்க ஊர்ப் பூச்சி மாதிரி செடியிலதான் தூங்கும்னு நெனச்சேன். நீங்களும் பாத்துட்டு நல்லாருக்குன்னுதானே சொன்னீங்க? அத மட்டும் பக்கானியக்காகிட்ட சொல்லிடுங்களேன்."

வாஷா கூழைக் கிளறிக்கொண்டே இருந்தாள். சொன்னால் பாதிப் பழி தன் தலையில் விழுமே!

மறுநாள் குழாயடியில் பேச்சு முற்றிவிட்டது. "வன்மம்டி அவளுக்கு. புருசன் சுரங்க வேலைக்குப் போயிட்டான்ல, அந்தக் கோவத்த மாமியா மேல தீத்துட்டா" என்றாள் பக்கானி. வாஷா அங்கேதான் நின்றாள். வாளியை நிரப்பிக்கொண்டு திரும்பிவிட்டாள். பின்னால் வாளியோடு நின்ற செனோலோ அதையும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தன் துணிமணியைப் போர்வையில் மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு இருந்தேன் அத்தை."

வாஷா வாயைத் திறந்தாள். "சாப்பிட்டுட்டாவது போயேன்" என்றுதான் வந்தது.

செனோலோ வாசலைத் தாண்டிவிட்டாள்.