மண்டியின் முன்கதவு

வாணியம்பாடி கடைவீதியில் அந்தத் தோல் மண்டியைப் போல ஒரு கட்டடம் இன்றும் இல்லை. தேக்குக் கதவும் கருங்கல் படிகளும் வளைவு வைத்த ஜன்னல்களுமாக நிற்கும். அதன் முதலாளியின் டேனரியில்தான் அப்பாவுக்குத் தோல் ஊறவைக்கும் வேலை. அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க நானும் அப்பாவும் அந்தப் படியேறினோம்.

முதலாளி நாற்காலியை விட்டு எழவில்லை. "வாசல்ல நிக்காத, நாத்தமடிக்குது. தோல் வர்ற வழியா வா" என்றார். வெற்றிலைத் தட்டோடு அப்பா, தோல் வண்டிகள் நிற்கும் பின்சந்துக்குச் சுற்றிப் போனார். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பல வருஷம் கழித்து வியாபாரம் நொடித்து மண்டி பூட்டிக் கிடந்தது. அதை ஓட்டலாக்க அவர் மகன் தேடிப் பிடித்த ஆர்க்கிடெக்ட் நான்தான். ஒரு கல்லைக்கூட இடிக்க விடவில்லை. உதிர்ந்த வளைவுகளைச் சுண்ணாம்பு வைத்தே சரிசெய்தேன். தேக்குக் கதவை மட்டும் பளபளவென்று மெருகேற்றி, திறக்கவே முடியாதபடி அடைத்துவிட்டேன்.

"முன்னாடி வண்டி நிறுத்த இடமில்ல சார். பின்சந்துதான் அகலம், வாசலை அங்க வச்சிடலாம்" என்றேன். மகன் தலையாட்டினார்.

திறப்பு விழாவன்று, கிழவராகிவிட்ட முதலாளி கைத்தடியோடு படியேறிக் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கீழே நின்றிருந்த என்னிடம், "இன்னாம்மா இது, தொறக்க மாட்டேங்குது?" என்றார்.

"தோல் வர்ற வழியா வாங்க, முதலாளி" என்றேன்.