ஏரிக்கு ஒரு தங்கூசி

இந்தக் குளிர்நாட்டில் நாங்கள் இருக்கும் அஜின்கோர்ட்டில், தூண்டில் சாமான் விற்கும் கடையில்தான் அந்த மனிதரைக் கண்டேன். நெடிய ஆள், கடைக்குள்ளும் கம்பளித் தொப்பியைக் கழற்றாதவர். தூண்டிலில் கட்டும் நைலோன் நூலான தங்கூசியில் வகைக்கொரு துண்டு கேட்டு வாங்கி, வெளியே பனிக்குள் புதைத்துவிட்டுப் பிறகு எடுத்துப் பார்ப்பார். சுருள் விரியாமல் விறைத்து நின்றால் வேண்டாம் என்றுவிடுவார்.

எனக்கும் ஒன்று தேவைப்பட்டது. உறைந்த ஏரியில் துளை போட்டு நானே மீன் பிடிப்பேன், ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு ஒருவரும் கடைமீன் வாங்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தேன். எதற்கும் ஒரு கோழி இருக்கட்டும் என்று மருமகன் சிரித்தார். பெட்டியில் எழுதியிருப்பது எனக்கு வாசிக்க வராது. கையால் தடவிப் பார்த்து, ஆகத் தடித்ததை எடுத்தேன்.

"அன்ரி, உது சுறாவுக்கோ?" என்றார் அவர்.

"சிறிசு பிடிக்கிறதெண்டால் இந்தக் குளிருக்குள்ள நான் ஏன் போறன் தம்பி?"

"தடிச்சது குளிருக்குக் கம்பி மாதிரி நிக்கும். மீன் கொத்தினாலும் கைக்குத் தெரியாது."

பனியிலிருந்து மெல்லியது ஒன்றைக் கொண்டுவந்து என் விரலில் சுற்றினார். தலைமயிர் போல நெகிழ்ந்து கிடந்தது. அதையே வாங்கினேன்.

ஞாயிறு காலை என் வாளி நிறைய மீன். திரும்பும்போது பார்த்தால், அதே மனிதர் வெறும் வாளியோடு பனிக்கட்டியில் உட்கார்ந்திருந்தார். தூண்டில் தடியில், கடையில் நான் முதலில் எடுத்த அந்தத் தடித்த தங்கூசி.

"என்ன தம்பி உது?"

"நீங்கள் சொன்னாப் பிறகு எனக்கும் பெரிசில ஆசை வந்திட்டுது அன்ரி."

கொஞ்ச மீன் நீட்டினேன். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றார். வீட்டில் மருமகன் குழம்பை வழித்து இரண்டாந்தரம் சோறு போட்டபோதும், அந்த மனிதருக்குப் பெரிசொன்று கொத்தவேண்டுமே என்றுதான் எனக்கு மனம் கிடந்தது.