சிவகுரு அண்ணையின் பதினெட்டுப் படி மலை

சிவகுரு அண்ணை சென்ற மாதம், ஒரு புதன்கிழமை காலை, கொடிகாமத்தில் தன் வீட்டு முற்றத்தில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். வயது அறுபத்தாறு. நான் அப்போது கரவெட்டியில் ஒரு வளவில் தேங்காய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். சைக்கிளில் வந்த ஆள், "உங்கடை மலை மனுசன் மோசம் போயிட்டார்" என்றான். பெயர் சொல்லவில்லை. மலையே இல்லாத ஊரில் மலை மனுசன் என்றால் ஒருவர்தானே.

முப்பத்தோராம் நாள் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அவருடைய மனுசி புவனேஸ்வரி அக்கா கேட்டா. எனக்குத் தெரிந்தது தேங்காய் வியாபாரம். ஆனாலும் அண்ணையை என்னளவு கிட்ட நின்று பார்த்தவர்கள் குறைவு என்பதால் எழுதுகிறேன்.

அண்ணை கொழும்பில் நில அளவைக் கந்தோரில் முப்பது வருடம் படம் கீறினவர். மலைநாட்டு மலைகளின் உயரக் கோடுகளெல்லாம் அவர் கைப்படக் கீறியவை. ஆனால் ஒரு மலையிலும் கால் வைத்ததில்லை. அளக்கப் போனவர்கள் வேறு ஆட்கள், இவருக்கு மேசை. லீவு கிடைத்தால் இரவு மெயில் ரயிலில் ஊருக்கு வருவார், லீவு முடிந்தால் அதே மெயிலில் திரும்புவார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் உயிர் தப்பிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்திறங்கினார். அதைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான்: "போகேக்கை ரயில், வரேக்கை கப்பல். என்ரை சீவியத்திலை நான் போன முதல் சுற்றுவழி உதுதான். படம் கீற நேரம் தரேல்லை."

என்னிடம் முதலில் வந்தது எண்பத்தாறில். தோளில் ஒரு துணிப்பை. கொப்பறா மூட்டை நிறுக்கும் தராசைக் காட்டி, "தம்பி, உதிலை என்னை ஒருக்கா நிறுக்கேலுமோ?" என்றார்.

"உரிச்சோ, உரிக்காமலோ?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "பையோடை ஒருக்கா, பையில்லாமல் ஒருக்கா" என்றார்.

நிறுத்த பிறகு பைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து விரித்தார். மலைநாட்டில் அரசாங்கம் காவல் போட்டிருக்கும் ஒரு காப்புக்காடு. நினைவிலிருந்து கீறியது. ஒரு தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் தொடங்கி, முகட்டேறி, ஓர் அருவியின் கரையோடு இறங்கி, புறப்பட்ட வாசலுக்கே வேறு வழியால் வந்து சேர வேண்டும். ஒன்பது மைல். மூலையில் 'இடைத்தரம்' என்று எழுதியிருந்தது. "கடினமெண்டால் பெடியளுக்கு. இலேசெண்டால் புதுசாய்க் கலியாணம் முடிச்ச ஆக்களுக்கு. இது எங்களுக்கு" என்றார். எங்களுக்கு என்றதில் நானும் அடங்கியிருப்பது அப்போதுதான் விளங்கியது.

"மேலை ஏறினால் என்ன கிடைக்கும்?"

"ஒண்டுமில்லை. பாத்திட்டு வாறது."

"ஏதும் கொண்டு வரலாமோ?"

"காப்புக்காடு தம்பி. ஒரு இலை பிடுங்கேலாது."

வெளிப்படையாகச் சொல்கிறேன். வாங்கலும் விற்றலும் இல்லாத இடத்துக்கு நான் பிறந்ததிலிருந்து போனதில்லை. கதிர்காமத்துக்குப் போன இடத்திலும் திரும்பும்போது புளி ஏற்றி வந்தவன். அப்படியும் ஓர் இடம் இருக்கிறதா என்று ஆசை வந்துவிட்டது. ஆனால் பேசித் தீர்க்காமல் நான் எதிலும் இறங்குவதில்லை. வழிச்செலவு பாதிக்குப் பாதி. சாப்பாட்டுச் சுமை எனக்கு. படமும் முன் நடையும் அவருக்கு. அவர் சேர்த்த நிபந்தனை ஒன்றே: போன வழியே திரும்பக் கூடாது.

ஏறிப் பழக மலைக்கு எங்கே போவது? நம்முடைய பக்கத்தில் மேலே போகும் இடம் இல்லை, கீழே போகும் இடம்தான் உண்டு. அண்ணை கோயில் கேணியைப் பிடித்தார். கோடையில் பதினெட்டுப் படி வெளியே தெரியும். அதை நூற்றுக்கணக்கான தடவை ஏறி இறங்கினால் மலை உயரம் வரும் என்று கணக்குப் போட்டார். முதுகில் பை, கையில் தடி, பின்னால் தேத்தண்ணிப் போத்தலோடு புவனேஸ்வரி அக்கா, "உந்தாளுக்கு விசர்" என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டு. சனம் அது நேர்த்திக்கடன் என்று நினைத்தது. ஐயர் விபூதி கொடுத்தார். மகனுக்குக் கனடா விசா வேண்டி ஒரு மனுசி தானும் ஏறத் தொடங்கினா. விசாவும் வந்துவிட்டது! அடுத்த கிழமை படியில் கால் வைக்க இடமில்லை. நான் கோபித்தேன். அண்ணை, "இருக்கட்டும் தம்பி, கூட்டமாய்ப் போனால் சிறுத்தை கிட்ட வராது" என்றார். பிறகு மாரி வந்தது. பதினெட்டுப் படியில் பதின்மூன்று தண்ணீருக்குள் போய்விட, எங்கள் மலை ஐந்து படியாகக் குறைந்தது.

ஆகவே ஒத்திகையை வேலிகளுக்கு நடுவே வளைந்து போகும் ஒழுங்கைகளுக்கு மாற்றினார். மலைப் பாதையின் வளைவுகளை ஊர் ஒழுங்கைகளோடு பொருத்தி, அதே ஒன்பது மைல். வழியில் ஒரு நல்ல முற்றல் தேங்காய் விழுந்து கிடந்தது. குனிந்தேன். "தொடாதை! காப்புக்காடு" என்றார். என் தொழிலில் நான் எடுக்காமல் கடந்த ஒரே தேங்காய் அது.

உச்சி ஒரு மனுசியின் ஆட்டுக் கொட்டிலில் வந்து விழுந்தது.

"ஆரப்பா நீங்கள்? ஆட்டுக் கொட்டிலுக்கை என்ன அலுவல்?"

அண்ணை படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிள்ளை, உச்சி உதிலைதான் வருது."

"என்ன உச்சி?"

"மலை உச்சி."

மனுசி என்னைப் பார்த்தா. நான் "ஓம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"அப்ப என்ரை ஆடு உருண்டு விழுந்திடாதோ?"

"தெற்குப் பக்கம் மட்டும் கவனம். அங்காலை செங்குத்து."

மனுசி வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. உச்சியில் குளிருமே என்று தேத்தண்ணியும் தந்தா. அடுத்த மாதம் நாங்கள் போனபோது ஆடு வடக்குப் பக்கம் கட்டியிருந்தது.

தொண்ணூறுக்குப் பிறகு சண்டையால் தெற்கே போகும் பாதை இறுகியது. வெளியே போக அனுமதிப் பாஸ் எடுத்து, வள்ளத்தில் கடல்நீரேரியைத் தாண்டிப் போனவர்கள் உண்டு. விண்ணப்பத்தில் 'பயணத்தின் காரணம்' என்ற இடத்தில் அண்ணை 'மலை பார்க்க' என்று எழுதினார். பத்திரம் போன வேகத்தில் திரும்பி வந்தது. "வைத்தியம் எண்டு எழுதுங்கோவன்" என்றேன். "மலைக்குப் பொய் சொல்லிப் போகக்கூடாது தம்பி" என்றார். மூன்று முறை அதையே எழுதினார். மூன்று முறையும் அதே பதில்.

இந்த வருடம் தொடங்கியபோது, சண்டை நின்றதால் பாதை திறக்கும் என்று ஊரெல்லாம் கதைத்தது. அண்ணை சப்பாத்துக்கு எண்ணெய் போட்டார். அன்று காலை கட்டிக்கொண்டிருந்தது அந்தச் சப்பாத்துத்தான். கேணியில் அப்போது தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது.

அவருடைய துணிப்பையை அக்கா எனக்குத் தந்தா. அதோடு அவருடைய கெட்ட பழக்கம் ஒன்றும் ஒட்டிக்கொண்டது. சந்தைக்கு ஓர் ஒழுங்கையால் போகிறேன், இன்னொன்றால் வருகிறேன். அரை மைல் கூட. வியாபாரிக்கு அது நட்டம். ஆனால் இருபது வருடமாக அந்தப் பக்கம் ஒரு மகிழமரம் நின்றதை இப்போதுதான் கண்டேன்.

எட்டாம் நாள் அக்கா அந்தப் படத்தையும் கொண்டு வந்தா. கை நீட்டினேன். விடவில்லை.

"என்ன, அவரோடை மலையும் செத்துப்போச்சோ?"

"அக்கா, ஒன்பது மைல். உங்கடை முழங்கால்..."

"அவருக்குப் பின்னாலை போத்தலும் கையுமாய் அவ்வளவு படியும் ஏறி இறங்கினது ஆர்? உம்மடை வண்டி வயித்தைக் குறையும் முதல்."

அவ்விடத்திலேயே பேசித் தீர்த்தோம். பாதை திறந்து முதல் பஸ். வழிச்செலவு பாதிக்குப் பாதி. சாப்பாட்டுச் சுமை எனக்கு. படமும் முன் நடையும் அக்காவுக்கு. போன வழியே திரும்புவதில்லை.